முகஸ்துதி செய்யாத கட்டைகள்

பியானோ வாங்கப்போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் அடுத்து வரும் கேள்வி ஒன்றுதான்: “ஒரிஜினலா, டிஜிட்டலா?” கேட்பவருக்கு இசை தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. நம் நாக்கில் ஒரிஜினலுக்கு எதிர்ச்சொல் டிஜிட்டல் அல்ல, டூப்ளிகேட். ரிச்சி தெருவில் சார்ஜர் வாங்கியவர்களுக்கு இந்தச் சொல்லின் எடை தெரியும். அது தரத்தை மட்டும் சொல்வதில்லை. யாரோ யாரையோ ஏமாற்றியிருக்கிறார்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறது.

ஆகவே இந்தக் கேள்விக்கு வெறும் தொழில்நுட்ப பதில் போதாது. நகல் என்பதாலேயே ஒரு கருவி பொய்யாகிவிடுமா? பொய் என்றால், அந்தப் பொய்யை யார் யாரிடம் சொல்கிறார்கள்? கட்டையை அழுத்துவதும் நான், அதைக் கேட்பதும் நான். கடைக்காரர் இது டிஜிட்டல் என்று சொல்லித்தான் விற்கிறார். இங்கே ஏமாந்தவர் என்று ஒருவரையும் காட்ட முடியவில்லை. ஆனாலும் ஏதோ உறுத்துகிறது. அந்த உறுத்தல் என்ன என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். திருவான்மியூரில் இரண்டாம் மாடி ஃப்ளாட், அம்மாவும் நானும். நான்கு வருடங்களாகக் கற்றுக்கொள்கிறேன். பகல் முழுக்க கோடு எழுதுகிறேன், வாசிக்க நேரம் கிடைப்பது இரவில். வாசித்ததைப் பதிவு செய்து கேட்கும் பழக்கமும் உண்டு. இப்போதிருக்கும் சின்ன டிஜிட்டல் பியானோவுக்கு அடுத்து என்ன என்று பார்த்தால் மூன்று வழிகள். பழைய அப்ரைட் பியானோ ஒன்றை வாங்கிப் பழுது பார்க்கலாம். நல்ல கட்டைகள் கொண்ட ஒரு கன்ட்ரோலரை வாங்கி, ஒலியைக் கணினி மென்பொருளிடம் விட்டுவிடலாம். அல்லது ஹைப்ரிட் என்று சொல்லப்படும் உயர்ரக டிஜிட்டல் பியானோ ஒன்றை வாங்கலாம். இதன் விலை லட்சங்களில்.

*

நகல் என்றதும் தத்துவம் படித்தவர்கள் பிளேட்டோவைத்தான் இழுப்பார்கள். ‘குடியரசு’ நூலின் பத்தாம் பகுதியில் மூன்று கட்டில்கள் வருகின்றன. கட்டில் என்னும் ஆதி வடிவம் ஒன்று, தச்சர் செய்த கட்டில் ஒன்று, ஓவியர் வரைந்த கட்டில் ஒன்று. ஓவியம் நகலின் நகல், எனவே உண்மையிலிருந்து வெகுதூரம். இந்தக் கணக்கில் டிஜிட்டல் பியானோ ஓவியக் கட்டில். படுக்க முடியாது.

ஆனால் அதே பகுதியில், சில பக்கங்கள் தள்ளி, அவ்வளவாகப் பேசப்படாத ஓர் இடம் உண்டு. எந்தப் பொருளுக்கும் மூன்று கலைகள் உள்ளன: பயன்படுத்தும் கலை, செய்யும் கலை, நகலெடுக்கும் கலை. இவற்றில் உண்மையான அறிவு பயன்படுத்துபவரிடம்தான் இருக்கிறது என்கிறார் சாக்ரடீஸ். அவர் தரும் உதாரணம் ஒரு வாத்தியக்காரர். ஆலோஸ் என்ற கிரேக்க வாத்தியத்தைப் பலர் புல்லாங்குழல் என்று மொழிபெயர்ப்பார்கள், ஆனால் அது நம் நாகஸ்வரம் போல சீவாளி வைத்து ஊதுவது. எது நல்ல ஆலோஸ் என்று ஊதுபவருக்குத்தான் தெரியும். செய்பவர் அவர் சொல்வதை நம்பிச் செய்கிறார்.

எனக்கு இது பெரிய விடுதலையாக இருந்தது. கருவி எதைப் போல இருக்கிறது என்ற கேள்வியை விட்டுவிட்டு, கைக்கு என்ன செய்கிறது என்று கேட்கலாம். டிஜிட்டல் பியானோ, பியானோவின் படமாக இருந்தால் அது ஓவியக் கட்டில். அதில் உட்கார்ந்து ஒருவர் வாசிக்க முடிகிறது என்றால் அது இன்னொரு தச்சரின் கட்டில். எது என்பதைக் கைதான் சொல்ல வேண்டும்.

*

கையிடம் கேட்பதற்கு முன்னால் பியானோவுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். 1700ஆம் ஆண்டை ஒட்டி ஃப்ளோரன்ஸ் நகரில், மெடிசி குடும்பத்தின் வாத்தியங்களைப் பராமரித்துவந்த பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி இந்த வாத்தியத்தை உருவாக்கினார். அதற்கு முன்னிருந்த ஹார்ப்ஸிகார்டில் கட்டையை அழுத்தினால் ஒரு சிறு முள் தந்தியை மீட்டும். மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் கிட்டத்தட்ட ஒரே சத்தம். கிறிஸ்தோஃபோரி மீட்டுவதற்குப் பதிலாக சுத்தியலால் அடிக்க வைத்தார். அதில் ஒரு சிக்கல் உண்டு. விரல் கட்டையிலேயே இருக்கும்போது சுத்தியலும் தந்தியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றால், அதிர்வு செத்துவிடும். எனவே தந்தியைத் தொடுவதற்குச் சற்று முன்பே சுத்தியலுக்கும் கட்டைக்குமான தொடர்பு அறுந்துவிடும்படி ஒரு பொறி வைத்தார். கடைசித் துளி தூரத்தை சுத்தியல் தானாகப் பறந்து கடக்கிறது. கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கரைச் சுண்டுவது போல. சுண்டும் வரைக்கும்தான் நம் ஆட்சி.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். ஒற்றை ஸ்வரத்தைப் பொறுத்தவரை, சுத்தியல் எந்த வேகத்தில் கிளம்பியது என்பதுதான் வாசிப்பவர் அதற்குக் கொடுக்கும் கிட்டத்தட்ட எல்லாமும். விரல் நுனியில் எவ்வளவு காதல் இருந்தாலும், எவ்வளவு துக்கம் இருந்தாலும், அது அந்த வேகமாக மாறித்தான் தந்தியைச் சேர்கிறது. வீணையில் அப்படி இல்லை. மீட்டிய பிறகும் ஸ்வரம் கையில் இருக்கிறது. தந்தியை இழுக்கலாம், அசைக்கலாம், கமகம் பிறக்கும். பியானோவில் அடித்த பிறகு பிடித்துக்கொண்டிருக்கலாம் அல்லது விடலாம், அவ்வளவுதான். வீணைக்கும் வயலினுக்கும் இன்றுவரை பியானோ அளவுக்கு நம்பகமான டிஜிட்டல் மாற்று இல்லாததற்கு இது ஒரு முக்கியக் காரணம். விரலையும் ஒலியையும் பிரித்து வைத்தவர் ஜப்பானிய எலெக்ட்ரானிக்ஸ் பொறியாளர் அல்ல, முந்நூறு வருடங்களுக்கு முன்னால் இருந்த இத்தாலியக் கைவினைஞர்.

டிஜிட்டல் பியானோ செய்வது அந்த இடைவெளிக்குள் புகுந்துகொள்வதுதான். சென்சார்கள் வேகத்தை அளக்கின்றன, அதை ஓர் எண்ணாக மாற்றுகின்றன. 1983இல் அறிமுகமான மிடி முறையில் அந்த எண் 1 முதல் 127 வரை. “வெறும் 127 படிகளா?” என்று கேட்கலாம். நல்ல கருவிகள் உள்ளுக்குள் இதைவிட நுட்பமாக அளக்கின்றன, 2020இல் வந்த மிடி 2.0 படிகளைப் பல்லாயிரமாக்கிவிட்டது. தாமதம் பற்றியும் பயமுறுத்துவார்கள். நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற கணக்கில், கணினி 128 மாதிரிகளைச் சேர்த்து அனுப்பினால் ஏறக்குறைய 2.7 மில்லிசெகண்ட் தாமதம். அதே நேரத்தில் ஒலி காற்றில் தொண்ணூறு சென்டிமீட்டர் போகும். கிராண்ட் பியானோவில் உட்கார்ந்திருப்பவரின் காதுக்கும் தந்திக்கும் அவ்வளவு தூரம் சாதாரணம். அதை யாரும் தாமதம் என்று சொல்வதில்லை.

நகல் தடுமாறும் இடம் வேறு. பியானோவில் 88 கட்டைகளுக்கு ஏறத்தாழ 230 தந்திகள். பெடலை மிதித்தால் அத்தனையும் திறந்துகொள்கின்றன, ஒன்று அதிர்ந்தால் சொந்தபந்தம் எல்லாம் அதிர்கின்றன. அந்த உறவுகளை ஒவ்வொன்றாகப் பதிவு செய்து மாளாது. அதனால்தான் சில நிறுவனங்கள் பதிவு செய்த ஒலிகளை நூறு ஜிபிக்கு மேல் அடுக்கி வைக்கின்றன. பிரான்ஸில் உருவான பியானோடெக் போன்ற மென்பொருள்களோ பதிவே இல்லாமல் தந்தியின் இயற்பியலை அந்தந்த நொடியில் கணக்கிடுகின்றன. ஒன்று புகைப்பட ஆல்பம், மற்றொன்று சூத்திரம். இரண்டும் நிஜத்தை நெருங்குகின்றன. இரண்டும் நிஜமல்ல.

*

இனி கையிடம் வருவோம். என் சின்ன டிஜிட்டல் பியானோவில் நான் நன்றாக வாசிக்கிறேன். மாஸ்டர் வீட்டுப் பழைய அப்ரைட்டில் உட்கார்ந்தால் அதே பாடம் தள்ளாடுகிறது. மெல்ல வாசிக்க வேண்டிய இடத்தில் சில ஸ்வரங்கள் ஒலிக்கவே இல்லை. நிஜ பியானோவில் கட்டையை மிக மெதுவாக அழுத்தினால் சுத்தியல் தந்தி வரை போகாமல் திரும்பிவிடும். விலை குறைந்த கருவிகளில் பெரும்பாலும் அந்த ஆபத்து இல்லை. தயங்கி அழுத்தினாலும் ஏதோ ஓர் இனிமையான சத்தம் வரும். மெல்லியதற்கும் உரத்ததற்கும் நடுவே உள்ள தூரத்தையும் சுருக்கி வைத்திருப்பார்கள். எப்படி வாசித்தாலும் கொஞ்சம் அழகாக இருக்கும்.

இந்த இடத்தில்தான் என் உறுத்தலுக்குப் பெயர் கிடைத்தது. நகல் எடுப்பது பொய் அல்ல. முகஸ்துதி செய்வதுதான் பொய். “ஆஹா, பிரமாதம் சார்” என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டும் ஆளைப் போன்றது அந்தக் கருவி. அவர் சொல்லும் ஒவ்வொரு வாக்கியமும் இனிமையாக இருக்கும், கேட்கக் கேட்க நம்மைப் பற்றிய நம் அறிவு குறைந்துகொண்டே போகும்.

இப்படிப் பார்த்தால் உயர்ரக டிஜிட்டல் பியானோவில் காசு எதற்குப் போகிறது என்பதும் விளங்குகிறது. யமஹா 2009இல் கொண்டுவந்த அவன்ட்கிராண்ட் வரிசையிலும், பின்னால் வந்த கவாயின் நோவஸ் வரிசையிலும் தந்தி கிடையாது. ஆனால் நிஜ பியானோவின் மரக்கட்டைகளும் சுத்தியல் பொறியும் அப்படியே உள்ளன. சுத்தியலின் அசைவை ஒளி சென்சார்கள் அளக்கின்றன. நம் தவறைத் தவறாகவே திருப்பிச் சொல்லும் இயந்திரத்துக்குத்தான் இவ்வளவு விலை. மாஸ்டரைக் கடைக்கு அழைத்துப் போயிருந்தேன். ஹைப்ரிட் ஒன்றில் ரொம்ப மெதுவாக நாலு வரி வாசித்தார். இரண்டு இடத்தில் ஸ்வரம் விழவில்லை. சிரித்தார். “இது திட்டுதுப்பா. வாங்கலாம்.”

வாங்க நினைப்பவர்களுக்கு இதையே ஒரு சோதனையாகச் சொல்வேன். கடையில் உட்கார்ந்ததும் எல்லோரும் தமக்குத் தெரிந்த அட்டகாசமான பகுதியை உரக்க வாசிப்பார்கள். அது கருவிக்கு நாம் செய்யும் முகஸ்துதி. மாறாக, எவ்வளவு மெல்ல முடியுமோ அவ்வளவு மெல்ல ஒரே கட்டையைத் திரும்பத் திரும்ப அழுத்துங்கள். பெடலைப் பாதி மட்டும் மிதித்துப் பாருங்கள். ஒரு கார்டைச் சத்தமில்லாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழ் ஸ்தாயியில் ஒரு கட்டையை ஓங்கி அடித்து விடுங்கள். பிடித்திருக்கும் கட்டைகள் மெல்ல முனகினால் உள்ளே உறவுகள் இருக்கின்றன என்று அர்த்தம்.

க்ளென் கூல்ட் இளம் வயதில் ஒரு மொஸார்ட் ஃபியூக்கைப் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, பக்கத்தில் வாக்குவம் க்ளீனரை ஓட்டத் தொடங்கிவிட்டார்களாம். தான் வாசிப்பது தனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆனால் விரல்களில் எல்லாமும் தெளிவாக இருந்தது என்று பின்னாளில் சொன்னார். கடினமான பகுதிகளைப் பழகும்போது வேண்டுமென்றே ரேடியோவை அலறவிடுவதும் அவர் வழக்கம். ஒலியை முழுதாக எடுத்துவிட்டாலும் மிஞ்சுகிற ஒன்று உண்டு. அந்த மிச்சம் சரியாக இருக்கும் கருவியைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

*

ஆனால் இந்தக் கருவிகள் இத்தோடு நிற்பதில்லை. கட்டையை விடும்போது டேம்பர் தந்தியில் அமரும் மெல்லிய ‘தப்’ சத்தத்தையும் ஒலிக்கின்றன. அவன்ட்கிராண்டின் பெரிய மாடல்களில், தந்தி அதிர்வது கையில் தெரிவது போலக் கட்டைகளுக்கு அதிர்வூட்டும் ஏற்பாடு உண்டு. பியானோடெக்கில் ஒரு ஸ்லைடர் இருக்கிறது. அதைத் தள்ளத் தள்ள, பராமரிப்பில்லாமல் கிடந்த பியானோ போல ஒலி நைந்துபோகும். மூன்று நூற்றாண்டுகளாகப் பியானோ செய்தவர்கள் ஒழிக்கப் பாடுபட்ட குறைகளை நாம் காசு கொடுத்துத் திரும்ப வாங்குகிறோம்.

முதலில் இது எனக்கு அபத்தமாகப் பட்டது. இப்போது அப்படித் தோன்றவில்லை. குறை என்பது அங்கே ஓர் உடம்பு இருக்கிறது என்பதற்கான சாட்சி. நாடகத்தில் அட்டைக் கிரீடம் வைத்தவரை ராஜா என்று ஒப்புக்கொள்வது போல, இல்லாத தந்தியை இருப்பதாக ஒப்புக்கொண்டு வாசிக்கிறோம். கூத்து பார்ப்பவர் ஏமாந்தவர் அல்ல. ஒப்புக்கொண்ட கற்பனை பொய் ஆகாது. டேம்பர் சத்தம் என் வாசிப்பைப் பற்றி எதையும் மிகைப்படுத்துவதில்லை, கருவியைப் பற்றி மட்டும் கொஞ்சம் நடிக்கிறது. அது இருந்துவிட்டுப் போகட்டும்.

பதிவு செய்யும்போது நிலைமை சிக்கலாகிறது. அக்கூஸ்டிக் பியானோவை என் வீட்டில் பதிவு செய்தால் குக்கர் விசிலும் ஆட்டோ ஹாரனும் சேர்ந்து வாசிக்கும். டிஜிட்டலில் ஒரு கேபிள் போதும். அதிலும் மிடியாகப் பதிவு செய்தால் சேமிக்கப்படுவது ஒலி அல்ல, எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு வேகம் என்ற எண்கள். தவறிய ஸ்வரத்தை மவுஸால் இழுத்துச் சரி செய்யலாம். தாளம் தப்பிய இடத்தை ஒரே க்ளிக்கில் நேராக்கலாம். வாசித்து முடித்த பிறகு பியானோவையே மாற்றலாம், காலையில் வியன்னா, மாலையில் ஹாம்பர்க். முகஸ்துதி கொல்லைப்புறமாக வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

கூல்ட் இங்கே எதிர்த்தரப்பு வக்கீல். 1964இல் மேடைக் கச்சேரிகளை நிறுத்திவிட்டு, அதன்பின் ஒலிப்பதிவுக்கூடத்தையே தன் மேடையாக்கிக்கொண்டவர். 1966இல் எழுதிய ஒரு கட்டுரையில், பாஹின் ஏ மைனர் ஃபியூக் ஒன்றின் ஆறாவது, எட்டாவது டேக்குகளை வெட்டி ஒட்டி ஒன்றாக்கிய கதையை வெளிப்படையாகச் சொல்கிறார். தனித்தனியே இரண்டும் பிழையற்றவை, ஆனால் ஒன்று ரொம்ப கனம், மற்றது ரொம்ப துள்ளல். இரண்டையும் சேர்த்தபோதுதான் அந்த ஃபியூக் தனக்குரிய வடிவத்தைப் பெற்றது என்பது அவர் வாதம். சினிமாவில் படத்தொகுப்பைப் பொய் என்று யாரும் சொல்வதில்லையே, இசையில் மட்டும் ஏன்?

இந்த வாதத்தை என்னால் உடைக்க முடியவில்லை, உடைக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. கேட்பவருக்கு ஒரு படைப்பைத் தருகிறோம் என்றால் வெட்டி ஒட்டுவது கைவேலை. ஆனால் கூல்ட் இரண்டு டேக்கையும் வாசிக்கக்கூடியவர். நான் பதிவு செய்வது எனக்காக, நான் எங்கே நிற்கிறேன் என்று பார்க்க. படைப்பைத் திருத்தலாம், கண்ணாடியைத் திருத்தினால் அது கண்ணாடியாக இருக்காது. பியானோவைப் பிறகு மாற்றுவதிலும் இதே சங்கடம் உண்டு. வாசிக்கும்போது காதில் விழும் ஒலிக்குத்தான் அடுத்த விரல் பதில் சொல்கிறது. வேறு ஒலி கேட்டிருந்தால் வேறு மாதிரி வாசித்திருப்பேன். கேட்காத கேள்விக்குச் சொன்ன பதிலாக அந்தப் பதிவு ஆகிவிடும். எனவே ஒரு விதி வைத்திருக்கிறேன். எவ்வளவு திருத்தினாலும், கை படாத முதல் பதிவு தேதியோடு தனிக் கோப்பில் இருக்கும். கோடு எழுதுபவர்களுக்கு இது புதிதல்ல. பழைய கமிட்டை அழிக்கக் கூடாது.

*

கடைசியாக ஹெட்போன். டிஜிட்டல் பியானோவின் மிகப் பெரிய அறம் இதுதான் என்று நினைத்திருக்கிறேன். ஃப்ளாட் வாழ்க்கையில் பக்கத்து வீட்டாரின் தூக்கத்தைவிட என் பயிற்சி முக்கியமல்ல. ஆனால் ஹெட்போன் போட்டாலும் மௌனம் முழுமையல்ல. ஒருநாள் கீழ்வீட்டு மாமா படியில் நிறுத்திக் கேட்டார், “தம்பி, ராத்திரி பத்து மணிக்கு மேல என்ன இடிக்கிறீங்க?” கட்டைகள் அடியில் மோதும் சத்தம் தரை வழியாக இறங்கியிருக்கிறது. அடியில் தடிமனான ரப்பர் மேட் விரித்த பிறகு அடங்கியது. அம்மா கேட்டது வேறு. “என்னடா, வாசிக்கிறியா, டைப் அடிக்கிறியா?” அவளுக்குக் கேட்பது டொக் டொக் என்ற மரச்சத்தம் மட்டும். நான்கு வருடங்களாக அடுத்த அறையில் பாஹ் இருந்திருக்கிறார், அவளுக்குத் தெரியாது.

இதைப் பற்றி யோசிக்கும்போது எலெக்ட்ரானிக் தம்புரா நினைவுக்கு வந்தது. முன்பெல்லாம் கச்சேரிகளில் பாடகருக்குப் பின்னால் ஒருவர், பெரும்பாலும் சிஷ்யர், தம்புராவை மீட்டியபடி உட்கார்ந்திருப்பார். இப்போது அநேக மேடைகளில் அந்த இடத்தில் ஒரு பெட்டி, அல்லது போனில் ஒரு செயலி. சுருதி விலகுவதில்லை. ஒலியைப் பொறுத்தவரை பெரிய நஷ்டமில்லை என்றுகூட வாதாடலாம். ஆனால் அந்தச் சிஷ்யர் தம்புராவை மட்டும் மீட்டவில்லை, இரண்டரை மணி நேரம் குருவின் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தார். பெட்டி தம்புராவைப் பிரதி செய்தது, கேட்டுக்கொண்டிருந்தவரைப் பிரதி செய்யவில்லை.

ஆகவே நகலைப் பற்றிய சரியான கேள்வி ‘எவ்வளவு ஒத்திருக்கிறது’ என்பது அல்ல என்று நினைக்கிறேன். ஒலியோடு சேர்ந்து வேறு என்னவெல்லாம் வீட்டைவிட்டுப் போகிறது? பழைய அப்ரைட் என்றால் வருடத்துக்கு இரண்டு முறை ட்யூனர் வருவார். மழைக்காலத்தில் மரம் ஊதும், கடற்காற்றில் தந்தி துருப்பிடிக்கும், சுருதி இறங்கும். அக்கம்பக்கத்தினர் நம் தப்பைக் கேட்பார்கள். இவை எல்லாம் தொல்லைகள், எல்லாம் உறவுகளும்கூட.

அதற்காக அப்ரைட்டைத் தேர்ந்தெடுக்கவில்லை. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில், இரவில் மட்டும் வாசிக்கும் ஒருவனுக்கு அது சரிவராது. கன்ட்ரோலரும் மென்பொருளும்தான் காசுக்கு ஏற்ற ஒலியைத் தரும். ஆனால் அந்த அமைப்பு என்னை நிரந்தரமாக ஹெட்போனுக்குள் அடைத்துவிடும். மிஞ்சியது ஹைப்ரிட். “அவ்ளோ காசா? நீ என்ன கச்சேரியா பண்ணப்போறே?” என்று அம்மா கேட்டாள். நியாயமான கேள்வி. தேர்ந்தவர்களுக்குத்தான் நல்ல கருவி என்பதை நான் ஏற்கவில்லை. தேர்ந்தவர் மோசமான கருவியிலும் தன்னை அறிவார், கற்பவனுக்குத்தான் உண்மை சொல்லும் கருவி தேவை. அதே சமயம் இந்த வாதத்தை விற்பனையாளர்களும் நன்றாக அறிவார்கள். ஒரு விலைக்கு மேல் நாம் கொடுப்பது கட்டையின் நேர்மைக்கு அல்ல, பளபளக்கும் கறுப்பு வார்னிஷுக்கு. அந்தக் கோட்டைத் தாண்டாத மாடலாகப் பார்த்துப் பட்டியல் போட்டேன். அதில் கடைசியாகச் சேர்த்த நிபந்தனை, முதலில் நான் பொருட்படுத்தாத ஒன்று: நல்ல ஸ்பீக்கர்.

கருவி வர இன்னும் ஒரு மாதம் ஆகும். இப்போதைக்குப் பழையதிலேயே, ஆபீஸ் சீக்கிரம் முடியும் நாட்களில், ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஏழரையிலிருந்து எட்டு மணி வரை வாசிக்கிறேன். கதவு திறந்திருக்கும். நேற்று அம்மா சமையலறையிலிருந்து சொன்னாள், “அந்த மேல ஏறுற எடத்துல தினமும் கொஞ்சம் அவசரப்படுறே.” பதிவைப் போட்டுப் பார்த்தேன். அவசரப்படத்தான் செய்கிறேன்.